தோளில் திறக்கும் ஸ்வெட்டர்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கடைகளின் தராசுகளையும் மீட்டர் கோல்களையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்திலேயே காலத்தைக் கழித்தவன் ஆகையால், சோதிக்காத எதையும் சரி என்று சொல்ல எனக்குக் கை வராது. ஆகவே, உங்கள் தங்கையின் வலது தோள் நீங்கலாக நாங்கள் சுகம் என்று திருத்தி எழுதுகிறேன். அங்கே உங்கள் வீட்டில் அனைவரும் எந்தத் திருத்தமும் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று முன்தினம் தொலைபேசியில் நீங்கள், "மாப்பிள்ளை, நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த வாரம் வந்து தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறேன். குளிர் முடியறவரைக்கும் இங்கே இருக்கட்டும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தச் "சரிங்க"வைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு யோசனைக்கு முன்னால் சம்மதம் வந்து நின்றுவிடுகிறது. துறைமுகத்தில் அத்தனை ஆட்களை வேலை வாங்கிய குரல் அது. நான் எம்மாத்திரம்? காகிதம் என்றால் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை என்னைப் பற்றி உங்களிடம் சொன்னவை மூன்று. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் அவளையே உற்றுப் பார்க்கிறேன் என்பது ஒன்று. பழைய துணி விற்கும் கடையில் பெண்கள் ஸ்வெட்டரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றதை மாடிவீட்டுக்காரர் பார்த்தார் என்பது இன்னொன்று. வீட்டில் துணிகளைப் போட்டு வேகவைக்கிறேன் என்பது மூன்றாவது. இவற்றைக் கூட்டிப் பார்த்து எனக்கு மூளை கலங்கிவிட்டது, இந்த மனிதரிடம் இனியும் தங்கையை விட்டுவைக்கக் கூடாது என்று நீங்கள் முடிவு செய்தது ஓர் அண்ணன் செய்ய வேண்டியதுதான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நினைத்திருப்பேனே தவிர, புறப்பட்டு வந்திருக்க மாட்டேன். மூன்றும் உண்மை. அதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

தோள் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வலது தோள் இறுகிப்போய், கை இடுப்புக்கு மேலே எழும்ப மறுக்கிறது, பின்னால் போகவும் மறுக்கிறது. தானாகத் தளரும், மாதங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெல்லிய சட்டை என்றால் எப்படியோ நெளிந்து சமாளித்துவிடுகிறாள். கம்பளி வளைந்து கொடுக்காது. தலைவழியாகப் போடுவது நடக்காது. முன்பக்கம் பொத்தான் வைத்தது என்றாலும் இரண்டாவது கைக்காக ஒரு கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், அதுவும் நடக்காது. குளிர் ஆரம்பித்த நாளில் நான் மாட்டிவிடுகிறேன் என்று போய் நின்றேன். தலை உள்ளே போய்விட்டது, கை பாதியில் சிக்கிக்கொண்டது. நான் பதற்றத்தில் இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு, "இழுக்காதீங்க. கொஞ்ச நேரம் இப்படியே நிக்கிறேன்" என்றாள். ஸ்வெட்டருக்குள் முகம் தெரியாமல் அவள் நின்றாள், எதிரில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, தானே இடது கையால் அதை வெட்டி வெளியே வந்தாள். முடி கலைந்திருந்தது. "இனிமே எனக்கு யாரும் துணி மாட்டி விட வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பழக்கம். மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கைக்கு வலி, மறு கைக்குப் போர்வையைப் பிடிக்கும் வேலை, வீட்டு வேலைக்கு மூன்றாவது கை இல்லை. காலையில் கடைத்தெருவுக்குப் போய்க் காய்க்காரரிடம் வாய்ச்சண்டை போடாவிட்டால் பொழுது விடியாத மனுஷி, இப்போது வாசல் பக்கமே வருவதில்லை. என்னை அனுப்புகிறாள். காய்க்காரர் சொல்கிற விலையைக் கொடுத்துவிட்டு வாடிய கத்திரிக்காயை வாங்கிவருகிறேன். அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒன்றும் சொல்லாமைதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. வலது தோளிலிருந்து மணிக்கட்டுவரை முழுக்கத் திறந்து, பிரஸ் பட்டன் வைத்து மூடுகிற ஒரு ஸ்வெட்டர் இருந்தால், இடது கையை மட்டும் நுழைத்து, மிச்சத்தை மேலே போட்டுக்கொண்டு அவளே பட்டனை அழுத்திவிடலாம். யாரும் மாட்டிவிட வேண்டாம். கடைகளில் விசாரித்தேன், அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். தைத்தால்தான் உண்டு. புதிய கம்பளியை வெட்டுகிற துணிவு எனக்கு இல்லை. யாரோ போட்டுக் கழித்ததை வெட்டினால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் அல்லவா? பேருந்து நிலையத்தின் பின்னால், செருப்புத் தைப்பவருக்கு அடுத்தாற்போல், தானமாக வந்த துணிகளை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே போனேன். தைத்து முடிக்கும்வரை உங்கள் தங்கைக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானித்தேன். தோற்றுப்போனால் இரண்டாவது முறையும் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே என்ற பயம்தான்.

தெரியாமல் செய்வதென்றால் அளவு எடுப்பது எப்படி? இங்கேதான் உற்றுப் பார்த்த விவகாரம் வருகிறது. சோபாவின் முதுகில் பட்டை பட்டையாகக் கோடுகள் இருக்கின்றன. அவள் சாய்ந்து உட்காரும்போது தோள் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடுவரை மறைக்கிறது என்று எதிர் நாற்காலியிலிருந்து குறித்துக்கொண்டு, அவள் எழுந்து போன பிறகு கோடுகளை அளந்துகொள்வேன். அவள் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் நிறைய அசைகிறாள். "என்ன?" என்பாள். "ஒன்றுமில்லை" என்பேன். "ஒண்ணுமில்லாததை இவ்வளவு நேரமா பாப்பாங்க?" என்பாள். இப்படிப் பார்த்துப் பார்த்தே கோட்டுக் காகிதத்தில் அவளுடைய மேல்பாதியை அப்படியே வரைந்து முடித்தேன். கழுத்து, தோள், கை நீளம், வலது தோளில் திறப்பு வரவேண்டிய இடம் எல்லாம் அதில் உண்டு. கல்யாணமான புதிதில்கூட நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்பது பென்சிலைச் சீவும்போது தோன்றியது. இடது புருவத்தின் மேல் ஒரு சிறு தழும்பு இருக்கிறதே, அது எப்போது வந்தது? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கன்னத்து விவகாரம் சுருக்கமானது. அந்தக் கடையை நடத்தும் அம்மாள் கழுத்தில் இரண்டு கண்ணாடிகளைத் தொங்கவிட்டிருப்பார். எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. நான் தயங்கித் தயங்கி ஒவ்வொரு ஸ்வெட்டராக விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கையில என்ன தெரியும்? கன்னத்துல வைங்க. கன்னத்துல குத்தினா கழுத்துலயும் குத்தும்" என்றார். வைத்தேன். அந்துருண்டை வாசனைக்கு நடுவில் நல்ல கம்பளி தனியாகத் தெரிந்தது. ஆழ்ந்த நீலத்தில் ஒன்று, பூனைக்குட்டி மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன் என்று மாடிவீட்டுக்காரர் சொல்லியிருந்தால், அதையும் மறுக்கவில்லை.

முதலில் சாம்பல் நிற ஸ்வெட்டரை வெட்டினேன். வெட்டிய ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அது அப்படி நீட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்காக இருக்கட்டும் என்று இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இதோ முடிந்துவிடும் என்று இன்னும் இழுத்தேன். நான் ஒரு காரியத்தைப் பாதியில் விடுகிறவன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஸ்வெட்டரின் ஒரு கை முழுவதும் நூலாகி என் மடியில் குவிந்து கிடந்தது. அதை உருண்டையாகச் சுற்றி அலமாரியில் ஒளித்துவைத்தேன். உங்கள் தங்கை எதையோ தேடப் போய் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "பூனை வளக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். இப்போது ஒரு பூனையும் வாங்க வேண்டியிருக்குமோ என்று தெரியவில்லை.

கடை அம்மாளிடம் போய் முறையிட்டேன். "வெட்டறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில போட்டு நல்லா கசக்கணுங்க. கம்பளி சுருங்கி அடைமாதிரி ஆயிடும். அப்புறம் வெட்டினா பிரியாது" என்றார். அதுதான் வேகவைத்தது. நிறவாரியாகப் பிரித்து அடுக்கி, நீலத்தை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும் பழுப்பைப் பழுப்போடும் தனித்தனியாக வேகவைத்தேன். வீடு முழுக்க மழையில் நனைந்த ஆட்டுக் கொட்டகை நாற்றம். மாடிவீட்டுக்காரர் இறங்கிவந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். கலப்பு நூலில் செய்ததெல்லாம் எவ்வளவு கொதித்தாலும் அசையாமல் அப்படியே இருந்தது. சுத்தக் கம்பளியெல்லாம் பாதியாகச் சுருங்கி, கெட்டியாகி, வெட்டினால் ரொட்டித் துண்டு மாதிரி ஓரம் நிற்கிறது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன முறை வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போனீர்களே, பழுப்பு நிற ஸ்வெட்டர், பத்திரமாக மடித்து வைக்கச் சொல்லித் தொலைபேசியில்கூட நினைவூட்டினீர்களே, அதைப் பத்திரமாகத்தான் மடித்து வைத்திருந்தேன். ஆனால் நிறவாரியாக அடுக்கியபோது பழுப்பு பழுப்போடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஒழுங்கே இல்லாத மனிதன் வீட்டில் அது தப்பித்திருக்கும். கொதிநீரிலிருந்து அது வெளியே வந்தபோது இருந்த அளவில், தேநீர் கெண்டிக்குக் கச்சிதமாக இருக்கும். சுருங்கிய விதத்தைப் பார்த்தால் மிகவும் உயர்ந்த கம்பளி என்பதில் சந்தேகமே இல்லை. கடை அம்மாளும் தடவிப் பார்த்து அதையே சொன்னார். உங்கள் தங்கையின் கழுத்தில் படும் இடத்துக்கு அதைவிட மென்மையான துணி வேறு இல்லை என்பதால் காலர் முழுவதும் அதில்தான் வைத்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

பிறகு அளந்து வெட்ட வேண்டும். மைத்துனரே, பின்னல் துணிக்கு நீளம் என்று ஒன்று கிடையாது. சுருக்காமல் விட்டது ஒரு பச்சை ஸ்வெட்டர், கைகளுக்காக வைத்திருந்தேன். அதை மேசையில் விரித்து அளந்தால் ஒரு நீளம், தூக்கி அளந்தால் ஒரு நீளம், கொஞ்சம் தட்டிக் கொடுத்துவிட்டு அளந்தால் இன்னொரு நீளம். துணிக்கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் என்னிடம், "ஐயா, துணி அப்படித்தான், இழுத்தா வரும்" என்று சொன்னபோது நான் ஒருவரையும் நம்பவில்லை. அவர்களை நினைத்துக்கொண்டு மீட்டர் கோலைச் சற்று நேரம் கீழே வைத்தேன்.

தையல் மிஷின் உங்கள் தங்கை கல்யாணத்தின்போது கொண்டுவந்ததுதான். எண்ணெய் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தேன். என் தையல் நேராகத்தான் புறப்படும். துணி போகப் போகத்தான் அலை அலையாக நெளிந்துவிடும். பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். அப்போது கூடத்திலிருந்து உங்கள் தங்கையின் குரல் கேட்டது: "இழுக்காதீங்க. அதுபாட்டுக்குப் போகும், விடுங்க." உங்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏதோ குடும்ப விஷயம், நாம் கேட்கக் கூடாது என்று காதைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் தற்செயலாக நானும் இழுப்பதை நிறுத்தினேன், தையல் நேரானது. இன்னொரு நாள், "தடி ஊசி கீழ் டப்பாவுல இருக்கு" என்று அதேபோல் கேட்டது. அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. எனக்கு அந்தத் தகவல் பயன்பட்டது.

இப்போது உடை முடிந்துவிட்டது. முன்பக்கம் நீலம், முதுகு சாம்பல், கைகள் பச்சை, காலர் உங்களுடையது. மணிக்கட்டில் பழைய ஸ்வெட்டரின் இறுக்கமான ஓரத்தை அப்படியே வைத்திருக்கிறேன், காற்றுப் புகாது. அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். எனக்கு எதிலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது, ஆனால் திறப்பு வரவேண்டிய தோள் விஷயத்தில் என் வரைபடத்தோடு மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இம்மியும் பிசகில்லை. முத்திரை குத்திக் கொடுக்கலாம்.

இன்னும் அவளிடம் காட்டவில்லை. நாளைக்குக் காட்டலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கும்போதுதான் உங்கள் தொலைபேசி வந்தது. உங்கள் ஊரில் குளிர் இல்லை. அங்கே அவளுக்குப் போர்வை வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம், மெல்லிய சட்டையோடு வராந்தாவில் உட்காரலாம், கவனித்துக்கொள்ள ஆட்கள் உண்டு. நியாயப்படி பார்த்தால் தராசு உங்கள் பக்கம்தான் தாழ்கிறது. இருந்தாலும் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த உடையை அவளுக்குக் கொடுத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். சரிப்படவில்லை என்றால் நானே கூட்டிக்கொண்டுவந்து உங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

அவளுக்கு உங்களோடு வர விருப்பமா இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால், விருப்பம் என்று சொல்லிவிடக்கூடும் அல்லவா? அவள் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, துணி துவைக்கத் தெரியும், மருந்து வேளை தவறாது. இரண்டு நாற்காலிகளும் ஒரு சோபாவும் உள்ள கூடத்தில் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்பதுதான் தெரியவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசிகளும் உரியவர்களுக்கு உரிய அளவில் குறையாமல் போய்ச் சேரட்டும். கடுமையாக ஏதாவது எழுதியிருந்தால் அதை என் பயத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் தள்ளுபடி செய்துவிடவும். உறை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் உங்கள் தங்கை மேசையில் உட்கார்ந்து கடிதத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டாள். முதலில், "நான் அண்ணன்கிட்ட எங்கே புகார் சொன்னேன்?" என்றாள். "இந்த வயசுல ஒரு மனுஷன் வேற வேலையில்லாம என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்னு பெருமையா சொன்னேன். கடைகடையா அலையறார், துணி வேகவைக்கிறார்னு சொன்னேன். அண்ணனுக்கும் புரியல, உங்களுக்கும் புரியல." பிறகு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவர் கூட்டிட்டுப் போறேங்கிறார், நீங்க அனுப்பமாட்டேங்கிறீங்க. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். நான் "போறியா?" என்று கேட்டேன். "மாட்டேன். கொண்டாங்க அதை" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். நின்றேன். துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். திறப்பு இடது தோளில் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து வரைந்ததால், காகிதத்தின் வலப்பக்கத்தை அவளுடைய வலப்பக்கம் என்று குறித்துவிட்டேன். எத்தனை முறை ஒப்பிட்டாலும் தப்பு தப்போடு சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது.  பிரித்துத் தைத்துவிடுகிறேன், ஒரு வாரம் கொடு என்றேன். "பிரிச்சா உங்களை மிஷின் பக்கமே விட மாட்டேன்" என்றாள். மறுபடி ஏதோ உரசும் சத்தம், பட்டன்கள் ஒவ்வொன்றாக அழுந்தும் சத்தம். திரும்பச் சொன்னாள். உடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அப்படித் திருப்பினால் இடது வலதாகிவிடும் என்பது அத்தனை வரைபடம் போட்ட எனக்குத் தோன்றவில்லை. யாருடைய கையும் படாமல் தானே போட்டுக்கொண்டாள். ஆனால் தையல்கள் எல்லாம் வெளியே. துண்டுகள் மாறிவிடக் கூடாது என்று நான் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதியிருந்ததும் வெளியே. மார்பில் "முன்", முதுகில் "பின்", தோளில் "சரிபார்த்தது" என்று என் கையொப்பத்தோடு இருக்கிறது. இதோடு தெருவில் இறங்க வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். காய்க்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும் என்கிறாள்.

ஆகவே நீங்கள் அவசியம் வர வேண்டும், கூட்டிக்கொண்டு போவதற்காக அல்ல, நாலு நாள் தங்கிப் போவதற்காக. வரும்போது உங்கள் வீட்டிலுள்ள கிழிந்த கம்பளியெல்லாம் கொண்டுவரச் சொல்கிறாள், உங்களுக்கு அவளே ஒன்று தைத்துக் கொடுப்பாளாம். மிஷினுக்கு ஒரு கையும் இரண்டு காலும் போதும், மறு கைக்கு நான் இருக்கிறேனாம். கடிதத்தைத் தானே தபால்பெட்டியில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போவதாகப் பையோடு வாசலில் நிற்கிறாள். இன்னும் நன்றாக முடித்திருப்பேன், ஆனால் அங்கிருந்து குரல் வந்துகொண்டே இருக்கிறது: "சீக்கிரம் எழுதிக் குடுங்க. எனக்கு வேர்க்குது."